கவசமும் கைப்பழக்கமும்: படைவீரர்களின் மோட்டார் சைக்கிள்

2007 நவம்பர் தொடங்கி 2008 அக்டோபர் வரை, ஏறத்தாழ ஓராண்டில், ஈராக்கில் எதிரிகளுடன் மோதி உயிரிழந்த அமெரிக்க மரைன் படையினர் 20 பேர். அதே காலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த மரைன்கள் 25 பேர். அந்த 25 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டியவர்கள். போர்க்களத்தில் உயிரோடு தப்பியவன் சொந்த ஊர்ச் சாலையில் சாகிறான் என்பது எந்தப் படைத் தலைமைக்கும் தூக்கம் கெடுக்கும் கணக்கு. வண்டி ஓட்டியது பணி நேரத்தில் இல்லை, விடுமுறையில்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பல ஆண்டுகள் செலவிட்டுப் பயிற்றுவித்த ஆள் போனால் போனதுதான்.

இந்தக் கணக்குக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. படையில் பெரும்பாலானவர்கள் இருபதுகளில் இருக்கும் ஆண்கள். பல நாட்டுச் சாலைகளில் இரு சக்கர வாகனத்தில் அதிகம் அடிபடுவது இந்த வயதினர்தான். போர்முனையில் அமெரிக்க வீரருக்குக் கூடுதல் படிகள் உண்டு. அங்கே ஈட்டிய சம்பளத்துக்கு வரிவிலக்கும் உண்டு. பாலைவன முகாமில் செலவழிக்க இடமில்லை. பல மாதங்கள் கழித்து ஊர் திரும்பும்போது கையில் மொத்தமாகப் பணம் இருக்கிறது. அதில் முதலில் வாங்கத் தோன்றுவது பைக்.

மனநிலைக்கும் பங்குண்டு. 1990–91 வளைகுடாப் போருக்குச் சென்று வந்தவர்களையும், அதே காலத்தில் படையில் இருந்தும் போருக்குப் போகாதவர்களையும் ஒப்பிட்டு 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. சென்று வந்தவர்களிடையே நோயால் நேரும் மரணம் கூடியிருக்கவில்லை. கூடியிருந்தவை விபத்து மரணங்கள். அவற்றில் முக்கியமானவை வாகன விபத்துகள். ஆபத்தோடு மாதக்கணக்கில் பழகியவருக்கு அறுபது கிலோமீட்டர் வேகம் சப்பென்று இருக்கும் என்று படை மருத்துவர்கள் விளக்குவது உண்டு. ஊகம்தான் என்றாலும் எண்கள் அதற்கு எதிராக இல்லை.

லாரன்ஸின் மரணமும் ஒரு மருத்துவரின் கணக்கும்

படைவீரர், மோட்டார் சைக்கிள், தலைக்காயம் மூன்றும் சேர்ந்த அறிவியல் வரலாறு 1935இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். மே 13ஆம் தேதி டார்செட் மாவட்டத்தில் தன் வீட்டருகே பிரௌ சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வந்தவர், சாலைப் பள்ளம் ஒன்று மறைத்திருந்த இரண்டு சைக்கிள் சிறுவர்களைக் கடைசி நொடியில் பார்த்து வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் எதுவும் இல்லை. ஆறு நாள் நினைவிழந்து கிடந்து, மே 19 அன்று போவிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். வயது 46.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் மூளை அறுவை சிகிச்சைத் துறையைக் கட்டியெழுப்பியவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அவர் ராணுவத்தின் ஆலோசகரானார். செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் தூதர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் அவரிடம் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். இரவில் விளக்கு மறைத்த சாலைகளில், அவசர வேகத்தில், பல நேரம் அரைகுறைப் பயிற்சியுடன் ஓட்டியவர்கள். கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டிஷ் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் பின்னால் அமர்ந்தவர்களுமாக 2,279 பேர் இறந்திருந்தார்கள். போருக்கு முந்தைய 21 மாதங்களில் அந்த எண் 1,884.

1941இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரையில் ஹெல்மெட் அணிந்து விபத்தில் சிக்கியவர்கள் ஏழே ஏழு பேர்தான். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். ஏழு பேரை வைத்து எந்தப் புள்ளியியலாளரும் முடிவு சொல்லத் துணிய மாட்டார். ஆனால் அவர்களின் ஹெல்மெட்டுகள் அடி வாங்கிய இடத்தையும் மண்டையின் நிலையையும் சேர்த்துப் பார்த்த அறுவை மருத்துவருக்கு ஐயம் இருக்கவில்லை. ராணுவமும் காத்திருக்கவில்லை. 1941 நவம்பரில் பணியிலுள்ள எல்லா ராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. 1946இல் கெய்ர்ன்ஸ் வெளியிட்ட அடுத்த கட்டுரை, அந்த ஆணைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் மரணங்கள் இறங்கிக்கொண்டே போனதைக் காட்டியது. போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பொதுமக்கள் வண்டி ஓட்டியதும் குறைந்தது என்பதையும் சேர்த்தே அந்தச் சரிவைப் படிக்க வேண்டும்.

ஹெல்மெட் அவர் கண்டுபிடித்ததல்ல. புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தின் மருத்துவர் எரிக் கார்ட்னர் கித்தான் துணியையும் அரக்கையும் கொண்டு செய்த கவசம், 1914 மேன் தீவுப் பந்தயத்திலேயே கட்டாயமாக இருந்தது. கெய்ர்ன்ஸ் செய்தது வேறு. பந்தயக்காரரின் பொருளை ஆணைக்குக் கட்டுப்பட்ட ஒரு பெருங்கூட்டத்தின் தலையில் ஏற்றி, பலனை எண்ணிப் பார்க்க வழி செய்தார். பெயர்ப்பட்டியலும் விபத்து அறிக்கையும் தவறாமல் எழுதப்படும் இடத்தில்தான் இப்படி எண்ண முடியும். பிரிட்டனின் பொதுமக்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது 1973இல்தான், 32 ஆண்டுகள் கழித்து.

கெய்ர்ன்ஸுடன் வேலை செய்த இயற்பியலாளர் ஹோல்போர்ன், ஜெலட்டினால் மூளையின் மாதிரி செய்து, அதைச் சட்டென்று சுழற்றி, உள்ளே எங்கெல்லாம் இழுபடுகிறது என்று பார்த்தார். மூளையை நசுக்கிச் சுருக்குவது கடினம், ஆனால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மேல் வழுக்கும்படி முறுக்குவது எளிது என்பது அவர் 1943இல் சொன்னது. நேரான அடியைவிடத் தலையைச் சுழற்றும் அடியே நரம்பிழைகளை அதிகம் கிழிக்கிறது. இந்தக் கருத்து ஹெல்மெட் தரச் சோதனைகளுக்குள் நுழைய ஏறக்குறைய எண்பது ஆண்டு ஆனது. 2020களில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் 22.06 தரம்தான் சாய்வான பரப்பில் ஹெல்மெட்டை மோதவிட்டுச் சுழற்சியை அளக்கிறது. அமெரிக்கக் கூட்டரசின் தரத்தில் அந்தச் சோதனை இல்லை.

இருபத்தைந்து மில்லிமீட்டர்

ஹெல்மெட்டின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சமன்பாடு போதும். நகரும் பொருளை நிறுத்தும்போது அது தாங்கும் முடுக்கம், வேகத்தின் இருமடியை, நிற்பதற்குக் கிடைக்கும் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. தலை நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தார்ச் சாலையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் தலை என்றால் தோலும் எலும்பும் விட்டுக்கொடுப்பது ஓரிரு மில்லிமீட்டர்தான். 2 மில்லிமீட்டரில் நின்றால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 900 மடங்குக்கு மேல். மண்டையோடு அதைத் தாங்காது. அதே தலை 20 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால் முடுக்கம் 90 மடங்கைத் தொட்டு நிற்கும். வலிக்கும், மயக்கம் வரலாம், ஆனால் பிழைக்க முடியும். அந்த 20 மில்லிமீட்டரைத் தருவதுதான் ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரைப்படலம்.

அந்த நுரை, புதுத் தொலைக்காட்சி வாங்கும்போது அட்டைப்பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலின் அடர்ந்த வகை. வெளி ஓட்டின் வேலை அடியைப் பரப்புவதும் கூரான பொருளைத் தடுப்பதும்தான். உயிரைக் காப்பது நசுங்கும் அந்த நுரை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லொம்பார்டும் ரோத்தும் இப்படி நசுங்கி ஆற்றலை விழுங்கும் உள்படலம் கொண்ட ஹெல்மெட்டுக்கு 1953இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்களின் ஆராய்ச்சி போர் விமானிகளுக்கான தலைக்கவசத்திலிருந்து வந்தது. இங்கேயும் படைத்துறை முன்னே போனது, சாலை பின்னால் வந்தது. நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு விபத்தில் அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே அதன் கதை முடிந்துவிட்டது.

1974 மார்ச் முதல் அமலில் உள்ள அமெரிக்கத் தரம், ஹெல்மெட் மாட்டிய உலோகத் தலையைத் தட்டையான பட்டறைக்கல்லின் மேல் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் விழவிட்டு அளக்கிறது. உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல 400 மடங்கைத் தாண்டக்கூடாது; 200 மடங்குக்கு மேல் இரண்டு மில்லிநொடிக்கு மிகாமல்தான் நீடிக்கலாம். நொடிக்கு 6 மீட்டர் என்பது மணிக்கு 22 கிலோமீட்டர்கூட இல்லை. நூறில் போகிறவனுக்கு இந்தச் சோதனை எப்படிப் பொருந்தும் என்று படை முகாம் வகுப்புகளில் தவறாமல் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. விபத்தில் ஓட்டுநரின் முன்னோக்கிய வேகம் பெரும்பாலும் சாலையில் சறுக்கிச் சறுக்கிக் கரைகிறது. தலையைத் தரையில் மோத வைப்பது மேலிருந்து கீழே விழும் வேகம். ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அந்த வேகம் நொடிக்கு 6 மீட்டர்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் நேராகச் சுவரிலோ லாரியின் பின்புறத்திலோ தலை மோதினால் எந்தத் தரத்து ஹெல்மெட்டும் காப்பாற்றாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லா விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால், ஓட்டுநரின் மரணத்தைத் தடுப்பதில் ஹெல்மெட்டின் பலன் 37 சதவீதம் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது.

படைவீரரிடம் ஏற்கனவே ஒரு தலைக்கவசம் இருக்கிறதே, அது போதாதா? போதாது. போர்க்கவசம் குண்டுச் சிதறல் துளைத்து உள்ளே வராமல் தடுக்கக் கட்டியது. அமெரிக்கத் தரைப்படையின் ஏ.சி.எச். கவசத்துக்கு விதித்த மோதல் சோதனை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நடக்கிறது. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே சாலை ஹெல்மெட்டின் சோதனையில் உள்ள ஆற்றலில் அது கால்பங்கு. குண்டுச் சிதறலைத் தடுக்கும் கவசம் தார்ச் சாலைக்கு முன்னால் பாதிக் கவசம்தான்.

தாடையை மூடும் முழு முக ஹெல்மெட்டைப் படை விதி எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஜெர்மனியின் ஹானோவரில் டீட்மார் ஓட்டே விபத்து ஹெல்மெட்டுகளை ஆராய்ந்தபோது, அடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்திருந்தது. பாதித் தலையை மட்டும் மூடும் தொப்பி அந்த மூன்றில் ஒரு பங்குக்கு எதுவும் செய்யாது. அமெரிக்கச் சந்தையில் 'வேடிக்கை ஹெல்மெட்' என்று ஒரு சரக்கும் விற்கிறது: அரைக் கிலோகூட இல்லாத, உள்ளே நுரையே இல்லாத பிளாஸ்டிக் குல்லாய், பின்னால் போலித் தர ஒட்டுத்தாள். நல்ல ஹெல்மெட்டின் உட்படலம் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கும். எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். முகாம் பாதுகாப்பு அதிகாரிகள் ஒட்டுத்தாளை நம்புவதில்லை. விரலை உள்ளே விட்டு நுரையை அழுத்திப் பார்க்கிறார்கள். நம் ஊரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒட்டிச் சாலையோரம் விற்கும் ஹெல்மெட்டுக்கும் இதே சோதனை பொருந்தும். தாடைப் பட்டையை மாட்டாமல் போட்ட ஹெல்மெட், தலை தரையைத் தொடுவதற்கு முன்பே தனியாகப் போய்விடும் என்பதும் எந்த ஊருக்கும் பொது.

கழுத்துக்குக் கீழே

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணை, எண் 6055.04, ஹெல்மெட்டோடு நிற்பதில்லை. கண்ணுக்குக் கண்ணாடிக் கவசமோ முழு முக வைசரோ வேண்டும். வண்டியின் முன் கண்ணாடியையும் சாதாரண மூக்குக் கண்ணாடியையும் கணக்கில் சேர்க்க முடியாது. கணுக்காலை மூடும் உறுதியான பூட்ஸ், முழுக்கால் சட்டை, முழுக்கை மேல்சட்டை அல்லது ஜாக்கெட், எல்லா விரல்களையும் மூடும் கையுறை. பட்டியல் அவ்வளவுதான். தோல் ஜாக்கெட்டோ முதுகுத் தட்டோ அதில் இல்லை. படை குறைந்தபட்சத்தைத்தான் விதிக்கிறது. அதற்கு மேலே செல்வது ஓட்டுநரின் அறிவு.

அந்தக் குறைந்தபட்சத்திலும் பொருள் இருக்கிறது. விழுகிற மனிதர் முதலில் கையை ஊன்றுகிறார். கையுறை இல்லாத உள்ளங்கை தார்ச் சாலையில் சில மீட்டர் உரசினாலே தோலோடு சதையும் போய்விடும். துப்பாக்கி பிடிக்கும் கைக்கு அது மாதக்கணக்கில் ஓய்வு. பூட்ஸைப் பற்றி ஆஸ்திரேலியாவில் கான்பெரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 பேரை வைத்து டி ரோம் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யாத சாதாரண பூட்ஸ்கூட, ஷூவோடு ஒப்பிட்டால், பாதக் காயத்தின் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தது. வீரரின் காலில் இருக்கும் போர் பூட்ஸுக்கு இது நற்சான்று. அதே ஆய்வு ஜாக்கெட் விற்பவர்களுக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. சாலையில் உரசிய ஜாக்கெட்டுகளில் பத்தில் மூன்று கிழிந்தோ தையல் விட்டோ தோற்றிருந்தன. விலையும் விளம்பரமும் தரத்துக்குச் சான்று இல்லை என்பதால்தான் ஐரோப்பா ஆடைகளுக்குத் தனித் தரம் வகுத்தது. முழங்கை, முழங்கால் அட்டைகளுக்கான சோதனையில் 50 ஜூல் ஆற்றலுள்ள அடியை விழவிட்டு, மறுபுறம் கடந்து வரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 20க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. போர்ச் சீருடை உராய்வைச் சிறிது நேரம் தாங்கும். மூட்டில் விழும் அடியை அது தாங்காது.

கண்ணில் படுவதும் ஒரு கவசம்தான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த, 2004இல் வெளியான ஆய்வில், பளிச்சிடும் அல்லது ஒளி பிரதிபலிக்கும் மேலாடை அணிந்தவர்களின் விபத்து அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கருப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. படைவீரருக்கு இதில் ஒரு முரண் உண்டு. பயிற்சி முழுக்க எதிரியின் கண்ணில் படாமல் இருக்கக் கற்றவர், புள்ளிச் சீருடையோடு சாலைக்கு வந்ததும் கார்க்காரரின் கண்ணில் பட வேண்டியிருக்கிறது.

ஆணை எங்கே வரை செல்லும்

அமெரிக்காவில் ஹெல்மெட் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கூட்டரசு 1966இல் நெடுஞ்சாலை நிதியோடு அதை முடிச்சுப் போட்டதால் 1975க்குள் 47 மாநிலங்கள் எல்லா ஓட்டுநர்களுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கின. 1976இல் நாடாளுமன்றம் அந்த முடிச்சை அவிழ்த்ததும் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அயோவா, இல்லினாய், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இன்று எந்த வயதினருக்கும் ஹெல்மெட் சட்டம் இல்லை.

சீருடைக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. அயோவாவின் வயல்சாலையில், விடுப்பில், சொந்த வண்டியில், சாதாரண உடையில் போனாலும் அவர் ஹெல்மெட் போட்டாக வேண்டும். விதி வீரரைத் தொடர்கிறது, இடத்தை அல்ல. முகாமுக்குள் வரும் பொதுமக்களுக்கோ வாயிலுக்குள் மட்டும் பொருந்துகிறது. மீறியவர் காயமடைந்தால், அந்தக் காயம் 'கடமையின் போக்கில்' நேர்ந்ததா என்று விசாரிக்கும்போது கவசம் அணியாததும் பயிற்சி பெறாததும் எடுத்துக்கொள்ளப்படும். தீர்ப்பு எதிராகப் போனால் சலுகைகள் குறையலாம். போலீஸ் அபராதத்தைவிட வீரர்கள் இதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள்.

வாகனம் நிறுத்தும் திடலில் ஒரு பள்ளி

1981இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு வெளியிட்ட அறிக்கை, மோட்டார் சைக்கிள் பயிற்சியின் அடித்தளம். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்தார்கள். விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தானே கற்றவர்கள், அல்லது அண்ணனிடமும் நண்பனிடமும் கற்றவர்கள். பெரும்பாலான விபத்துகளில் இன்னொரு வாகனம் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டில் வழி தராமல் குறுக்கே வந்தது அந்த வாகனம்தான். ஆபத்து தென்பட்டதற்கும் மோதலுக்கும் இடையே கிடைத்தது இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் ஓட்டுநர் செய்தது என்ன? பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை, விலகத் தெரியவில்லை.

மூன்றும் பயிற்சியால் திருத்தக்கூடியவை. 1973இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளையின் அடிப்படைப் பாடத்தைத்தான் அமெரிக்கப் படைகள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. வீரருக்குக் கட்டணம் இல்லை. பணி நேரத்திலேயே நடக்கும், விடுப்பில் கழிக்க மாட்டார்கள். சில மணி நேர வகுப்பு, மீதி முகாமின் வாகனம் நிறுத்தும் திடலில் சிறிய கூம்புகளை நட்டு வைத்த மைதானப் பயிற்சி. முதல் பாடத்தில் வண்டி ஏறக்குறைய ஓடவே ஓடாது. கிளட்சை மெல்ல விட்டு, எந்தப் புள்ளியில் எஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போகத் தொடங்குகிறது என்று இடது கை விரல்களால் உணர வேண்டும்; வண்டி ஓரடி நகர்ந்ததும் மறுபடி கிளட்சைப் பிடிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை. ஆனால் மெதுவாகப் போகும்போது கீழே போடுகிறவர்களில் பலர் இந்தப் புள்ளியை அறியாதவர்கள். பிறகு எட்டு வடிவில் நெருக்கமான திருப்பம், கூம்புகளுக்கிடையே வளைந்து போவது, சட்டென்று நிறுத்துவது, தடையை விலகிப் போவது.

சட்டென்று நிறுத்தும் பாடத்தில்தான் பழைய பழக்கம் வெளிப்படும். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதனால் நிறுத்தும் ஆற்றலில் 70 சதவீதமோ அதற்கு மேலோ முன் பிரேக்கிலிருந்து வருகிறது. ஆனால் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் எடை முன்னே வருவதற்குள் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாயும். அந்த பயத்தில்தான் பலர் அதைத் தொடுவதே இல்லை. பயிற்றுநர் சொல்வது: பிழிய வேண்டும், பிடுங்கக் கூடாது. நல்ல சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் 18 மீட்டரில் நிற்கலாம். எதிர்வினைக்கு ஒரு நொடி சேர்த்தால் மொத்தம் 35 மீட்டர். வேகம் 120 ஆனால் மொத்தம் 100 மீட்டரைத் தாண்டும். ஏ.பி.எஸ். பொருத்திய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அச்சம் குறைவு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவன ஆய்வில் அவற்றின் உயிர்ச்சேத விபத்து விகிதம் 22 சதவீதம் குறைவாகத் தெரிந்தது.

விலகும் பாடம் அதைவிட விசித்திரம். வேகமாகப் போகும் வண்டியை வலப்பக்கம் திருப்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும். வண்டியின் அடி இடப்பக்கம் நகர, மேல்பாகம் வலப்பக்கம் சாயும். சாய்ந்த வண்டி வலப்பக்கம் போகும். சைக்கிள் ஓட்டும் எல்லாரும் அறியாமலே இதைச் செய்கிறார்கள். அறியாமல் செய்வது அன்றாடத்துக்குப் போதும், இரண்டு நொடி நெருக்கடிக்குப் போதாது.

பார்வையும் பாடத்தில் ஒரு பகுதி. இரண்டாம் உலகப் போரில் தரை இலக்கை நோக்கிப் பாய்ந்த விமானிகளில் சிலர் அந்த இலக்கிலேயே கண்ணைப் பதித்து, மேலெழ மறந்து தரையில் மோதினார்கள். மோட்டார் சைக்கிளிலும் இது நடக்கிறது. வளைவில் பள்ளத்தையே பார்ப்பவர் பள்ளத்தில்தான் போய் விழுகிறார். போக வேண்டிய திசையைப் பார்க்கச் சொல்லி மைதானத்தில் பயிற்றுநர் தொண்டை வறளக் கத்துவது இதற்காகத்தான்.

ஸ்போர்ட்ஸ் பைக் தனிக் கதை. 600 சி.சி. வண்டியின் எடை இருநூறு கிலோவுக்குள், திறன் நூறு குதிரைச்சக்திக்கு மேல். முதல் கியரிலேயே நூறு கிலோமீட்டரைத் தொடும். 2005ஆம் ஆண்டுத் தரவுப்படி, பதிவான வண்டி எண்ணிக்கையில் கணக்கிட்டால், அவற்றை ஓட்டியவர்களின் மரண விகிதம் நிதானமான க்ரூசர் வகையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. தொடக்கத்தில் சொன்ன 2008 எண்கள் வெளியான காலத்தில் கடற்படையும் மரைன் படையும் அறக்கட்டளையோடு சேர்ந்து இந்த வண்டிகளுக்கென்றே ஒருநாள் பாடம் உருவாக்கின. அதில் திறமைக்கு இணையாக மனப்போக்கும் பேசப்படுகிறது: யார் முன்னால் காட்டிக்கொள்ள வேகம் கூட்டுகிறாய், குழுவாகப் போகும்போது ஏன் பின்தங்க மனம் வருவதில்லை என்பன போன்ற கேள்விகள்.

பயிற்சியால் உண்மையில் விபத்து குறைகிறதா? மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிய 2010ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றே முடித்தது. ஆய்வுகள் தரமாக இல்லை, ஒப்பிடும் குழுக்கள் சமமாக இல்லை. பயிற்சி கைத்திறனைக் கூட்டுகிறது. கூடவே தன்னம்பிக்கையையும் கூட்டுகிறது. அந்த நம்பிக்கை சில வேளை வேகமாக மாறி, கிடைத்த பலனைத் தின்றுவிடுகிறது. ஹெல்மெட்டின் பலனை ஒரு சதவீதமாகச் சொல்ல முடிகிறது, பயிற்சியின் பலனை அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விளம்பரம் செய்வது அறிவியல் அல்ல.

படைகள் இதற்குக் கண்ட விடை, பயிற்சியை ஒரு நாளோடு விடாமல் தொடர்வது. அடிப்படைப் பாடத்துக்குப் பின் ஓராண்டுக்குள் சொந்த வண்டியிலேயே அடுத்த நிலை. பல பிரிவுகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. நீண்ட காலம் போர்முனையில் இருந்து திரும்பிய தரைப்படை வீரருக்கு மீண்டும் சாலைக்கு வருமுன் மறுபயிற்சி. ஒவ்வொரு பிரிவிலும் யார் யார் வண்டி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் கமாண்டரிடம் உண்டு. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் புதியவர்களைக் கூட அழைத்துப்போகும் வழிகாட்டித் திட்டமும் பல முகாம்களில் நடக்கிறது. அதிகாரியின் அறிவுரையைவிட, கூட வண்டி ஓட்டும் சார்ஜன்ட் பின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு இளம் வீரரைக் கட்டுப்படுத்தும்.

பாடம் முடித்ததற்கான அட்டையை ஓட்டுநர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாத வீரரின் மோட்டார் சைக்கிளை முகாம் வாயிலில் காவலர் உள்ளே விட மாட்டார்.